முகத்துவாரத்தில் ஒரு பகல் தூக்கம்

மாயவரத்துக்காரர்களிடம் காவிரி எங்கே கடலில் கலக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் பூம்புகார் என்பார்கள். தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் அங்கே போய் முழுக்குப் போட்டு வளர்ந்தவர்கள் நாங்கள், வேறு பதில் வாயில் வராது. ஆனால் முழுக்குக்குப் போனவர்களே பார்த்திருப்பார்கள். அந்த இடத்தில் காவிரி ஒரு வாய்க்கால் அளவுக்கு மெலிந்துதான் கடலுக்கு வந்து சேர்கிறது. தண்ணீர் இல்லாத மாதங்களில் மணல் அடைத்துக்கொண்டு அதுவும் இருக்காது. ஆறு என்று மதித்துச் சொல்லும்படியான அகலத்தோடு கடலைத் தொடுவது வடக்கே இருக்கும் கொள்ளிடம்தான். பழையாறு படகுத்துறையில் நின்று வடக்கே பார்த்தால் அக்கரை ஒரு பச்சைக் கோடு. அந்தக் கோட்டில், கொடியம்பாளையம் என்கிற தீவு ஊரில்தான் சில நாட்கள் போய்க் கிடந்துவிட்டு வந்தேன்.

கொள்ளிடத்தின் மீது தஞ்சாவூர் ஜில்லாவுக்கு ஒரு பழைய வருத்தம் உண்டு. முக்கொம்பில் காவிரியை விட்டுப் பிரியும் இந்தக் கிளைக்குப் படுகை தாழ்வு, போக்கு நேர். தண்ணீர் தாழ்ந்த பக்கம்தானே போகும். காவிரி மேடிட்டுக்கொண்டே போக, வந்ததையெல்லாம் கொள்ளிடம் வாரிக்கொண்டு போய்க் கடலில் கொட்ட, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வயல்கள் காயத் தொடங்கின. 1836இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை வேலையைத் தொடங்கியது இதைத் தடுக்கத்தான். அன்று முதல் கொள்ளிடம் வடிகால் ஆறு. மிஞ்சியது அதற்கு. 2018 ஆகஸ்ட் 22 அன்று அந்த மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போனது நினைவிருக்கும். மிஞ்சியதற்கே அவ்வளவு வேகம்.

அந்த வேகம் மேலிருந்து மணலையும் வண்டலையும் உருட்டிக்கொண்டு வரும். கடைசியில் கடல் எதிர்த்துத் தள்ளும். இந்த இழுபறியில் நடு ஆற்றிலும் முகத்துவாரத்திலும் திட்டுகள் எழும்பும், சில வருடங்களில் கரையும், எழும்பியதில் சில நிலைத்து ஊராகும். நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளமணல், எதிர்க்கரையில் திட்டுக்காட்டூர். மேட்டூர் நிரம்பிக் கொள்ளிடத்தில் லட்சம் கனஅடிக்கு மேல் போகும்போது இந்தப் பெயர்கள் டிவியில் ஓடும். மக்களைப் படகில் ஏற்றி முகாமுக்குக் கொண்டு போவார்கள். வெள்ளம் வடிந்ததும் நாமும் பெயர்களை மறந்துவிடுவோம்.

இந்த வரிசையின் முடிவில், கடலைத் தொட்டுக்கொண்டு இருப்பது கொடியம்பாளையம். ஒரு புறம் வங்கக் கடல், ஒரு புறம் கொள்ளிடம், மற்ற பக்கங்களில் உப்பங்கழி. மாவட்டம் மயிலாடுதுறை, தாலுகா சீர்காழி. ஆனால் தரை வழியாகப் போக வேண்டுமென்றால் ஆற்றைத் தாண்டிக் கடலூர் மாவட்டத்துக்குள் நுழைந்து, சிதம்பரம் பக்கமாகச் சுற்றி, பாலம் ஏறித்தான் போக வேண்டும். சொந்த தாலுகா ஆபீசுக்குப் போக அடுத்த மாவட்டத்தில் பஸ் ஏற வேண்டிய ஊர். 2020 டிசம்பர் 28 அன்று மயிலாடுதுறை தனி மாவட்டமாகத் தொடங்கியபோது எங்களுக்குக் கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் வந்தது. இவர்களுக்குச் சுற்று அப்படியேதான் இருந்தது.

சென்னை ஆபீசில் லீவு எழுதிக் கொடுத்தபோது "தீவுக்குப் போறேன்" என்றேன். அந்தமானா, மாலத்தீவா என்று கேட்டார்கள். பழையாறு என்றதும் பேச்சு நின்றுவிட்டது. அவர்களைச் சொல்லி என்ன பயன். டெல்டாவில் பிறந்த எனக்கே டெல்டா என்றால் நெல் விளையும் வரைதான். தலைஞாயிறு தாண்டி, திருமுல்லைவாசல் தாண்டி, வயல் முடிந்து சவுக்கு தொடங்கும் இடத்தில் எங்கள் வீட்டுப் பேச்சும் முடிந்துவிடும். சம்பந்தம் இல்லை, போக்குவரத்து இல்லை. மீன் மட்டும் வரும், அதுவும் தெருவில் கூவிக்கொண்டு.

கல்லூரியில் என்னோடு படித்தவன் ஒருவனுக்குக் கொடியம்பாளையம் அம்மா வழி ஊர். "எங்க பெரிம்மா வூட்ல போய்க் கெட. ஒருத்தரும் ஒன்ன ஒன்னும் கேக்க மாட்டாங்க" என்று அனுப்பி வைத்தான். முதுகுப்பையில் இரண்டு கைலி, துண்டு, டார்ச், பவர் பேங்க், கொசுவுக்குப் பூசும் களிம்பு. பேக்பேக்கிங் போகிறவர்கள் காணொளிகளில் காட்டும் கூடாரம், அடுப்பு, தொங்கு படுக்கை எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். பத்து வீடு தள்ளி மனிதர்கள் இருக்கும்போது மணலில் கூடாரம் போட்டுத் தனியாகச் சமைத்துச் சாப்பிடுவதை நம் ஊரில் ஒருவரும் சுதந்திரம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்தவன் என்றுதான் நினைப்பார்கள்.

சீர்காழியில் பஸ் ஏறினால் பழையாறு வரைக்கும் போகும். துறைமுகத்துக்கு முன்னாலேயே கருவாட்டு வாடை வந்து வரவேற்கும். மணலில் விரித்த வலைகளின் மேல் நெத்தியும் காரப்பொடியும் வெள்ளி மினுக்கலோடு காய்ந்துகொண்டிருந்தன. பெரியப்பா ஃபைபர் படகோடு காத்திருந்தார். மார்ச் மாதம். மேட்டூரை ஜனவரி 28இல் மூடுவது வழக்கம், அதற்குப் பிறகு கொள்ளிடத்தில் மேலிருந்து வர எதுவும் இல்லை. முகத்துவாரத்தில் இருந்தது முழுக்கக் கடல் தண்ணீர். பெயர்தான் ஆறு. பெரியப்பா நேராகப் போகாமல் வளைந்து வளைந்து போனார். எனக்கு எல்லாம் ஒரே தண்ணீராகத் தெரிந்தது, அவருக்கு அடியில் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று தெரிந்தது. "போன மாசம் வந்த வழி இந்த மாசம் இருக்காது" என்றார்.

ஊருக்குள் போனதும் முதல் வேலையாக என்னைப் பஞ்சாயத்தார் ஒருவர் வீட்டுக்கு அழைத்துப் போனார். மீனவ ஊர்களில் அரசாங்கப் பஞ்சாயத்து ஒன்று, ஊர்ப் பஞ்சாயத்து ஒன்று. வலைத் தகராறு, கோயில் வரி, வெளியாள் வருவது எல்லாம் இரண்டாவதின் கணக்கு. "எந்த ஊரு தம்பி? யாரு வூட்டுப் புள்ள? என்ன சோலியா?" சும்மா வந்தேன் என்றேன். அவர் பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா என்னைப் பார்த்தார். பை மாட்டிக்கொண்டு அந்த ஊருக்கு வருகிறவர்கள் யார் யார் என்று பிறகு பெரியம்மா சொன்னார். சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனத்து ஆட்கள், கணக்கெடுக்கிறவர்கள், ஆமையைப் பற்றிப் படிக்கும் பிள்ளைகள், இடம் பார்க்கும் புரோக்கர்கள். சும்மா வருகிறவனுக்கு இந்தப் பட்டியலில் இடமில்லை. நான் புரோக்கர் இல்லை என்பது நிச்சயமாகும் வரைக்கும் தெருவில் கொஞ்சம் பார்வை இருந்தது. நியாயமான பார்வைதான்.

முதல் நாள் மத்தியானம் வெயில் தாழ்வதற்கு முன்பே ஊரைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினேன். ஒரு ஆள் இல்லை. டீக்கடையில் பெஞ்சு காலி. வலை பின்னும் கூடத்தில் மட்டும் வரிசையாகக் கால்கள் தெரிந்தன, எல்லாம் மல்லாந்தோ ஒருக்களித்தோ கிடந்தவை. நாய்கூட எழுந்து குரைக்கவில்லை. சுற்றுலா எழுதுகிறவர்கள் இந்த நேரத்தில் வந்து இறங்கினால் போதும், "ஆளரவமற்ற தீவு", "காலம் உறைந்த ஊர்" என்று பக்கம் பக்கமாக எழுதிவிடுவார்கள்.

ராத்திரி ஒன்றரை மணிக்கு அதே ஊரைப் பார்க்க வேண்டும். கதவுகள் திறக்கின்றன, பெட்ரோமாக்ஸ் காலம் போய்த் தலையில் மாட்டும் விளக்குகள் நடமாடுகின்றன, பெரியம்மா தூக்குவாளியில் பழைய சோற்றைப் பிழிந்து போடுகிறார், ஒருவன் பாதித் தூக்கத்தில் டீசல் கேனைத் தூக்கிக்கொண்டு மண்ணில் கால் புதையப் போகிறான். காற்று எந்தப் பக்கம், நீரோட்டம் எப்படி என்று ஒரு சின்ன வாக்குவாதம். பிறகு இன்ஜின் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும் சத்தம். அவர்கள் திரும்பி வரக் காலை எட்டு, ஒன்பது ஆகும். அதற்குப் பிறகு ஏலம், ஐஸ், எடை, சண்டை. பத்தரை பதினொன்றுக்குச் சாப்பாடு. பன்னிரண்டு மணிக்கு ஊர் படுக்கும். மூன்று மூன்றரைக்கு எழும்.

அதாவது அங்கே உள்ள அமைதி இயற்கை கொடுத்தது இல்லை. வேலை முடித்தவர்கள் தூங்குகிறார்கள், அதனால் சத்தம் இல்லை. இது எனக்குப் புரிந்ததும் கடிகாரத்தை மாற்றிக்கொண்டேன். ராத்திரி அவர்கள் எழும்போது எழுந்து, கரையில் உதவிக்கு நின்று, காலையில் வலை கழுவும் இடத்தில் உட்கார்ந்து, பதினொன்றுக்குத் தின்று, பன்னிரண்டுக்குப் படுத்தேன். நெடுநாளாகப் பகலில் தூங்கினால் குற்ற உணர்ச்சி வரும் வேலையில் இருக்கிறேன் நான். அந்தக் கூடத்தின் சிமெண்ட் தரையில், எனக்கு முன்னே பின்னே பத்துப் பேர் குறட்டை விட, கடற்காற்று ஒரு பக்கமிருந்து நுழைந்து மறுபக்கம் போக, படுத்த மூன்றாவது நிமிஷம் தூங்கிப்போனேன். ரிசார்ட்டில் அறை எடுத்துக் குளிர்சாதனம் போட்டுப் படுத்தாலும் வராத தூக்கம் அது. பக்கத்தில் படுத்திருப்பவனும் அதே நேரத்துக்குக் களைத்தவன் என்பதால் வருவது.

வலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலையில் நண்டு வலை கரைக்கு வந்தால் வீட்டுப் பெண்கள் எல்லாம் கூடி உட்கார்ந்துவிடுவார்கள். முதுகில் மூன்று கண் மாதிரிப் புள்ளி இருக்கும் நண்டு, அது வலைக்குள் திமிறத் திமிற நைலான் நூல் ஒவ்வொரு காலிலும் சுற்றி இறுகியிருக்கும். பெரியம்மா இடது கையால் ஓட்டின் பின்புறத்தைப் பிடிப்பார், கொடுக்கு எட்டாத இடம் அது. வலது கட்டை விரல் நகத்தால் ஒரு கண்ணியைத் தூக்கி ஒரு காலை விடுவிப்பார். நண்டு அந்தக் காலை மடக்கிக்கொள்ளும். அடுத்த கண்ணி, அடுத்த கால். அவசரப்பட்டு இழுத்தால் கால் கையோடு வந்துவிடும். "காலு போனா பரவால்ல. கொடுக்கு ஒடிஞ்சா வெல போச்சு" என்றார். நான் ஒரு நண்டை விடுவிப்பதற்குள் அவர் பிளாஸ்டிக் கூடையில் அடியை நிரப்பிவிட்டார். பேச்சு மட்டும் நிற்கவே இல்லை. மருமகளின் பிரசவம், சீட்டுப் பணம், டிவி நாடகத்தில் போன வாரம் செத்துப் போனவள் இந்த வாரம் எப்படித் திரும்பி வந்தாள், எல்லாம் அந்த வலை ஓரத்தில்தான்.

சாயங்காலங்கள் என்னுடையவை. கழிமுகப் பக்கம் தண்ணீர் வற்றியதும் சேறு கலந்த மணல் வெளிப்படும். சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லாத நண்டுகள் ஆயிரக்கணக்கில் வளையை விட்டு வெளியே வந்து மணலை வாயில் போட்டு, அதில் இருப்பதைத் தின்றுவிட்டு, மிச்சத்தைக் கடுகு உருண்டைகளாக உருட்டிப் பின்னால் தள்ளும். வளையிலிருந்து கிளம்பும் நேர்கோடுகளாக உருண்டைகள் சேரும். அரை மணி நேரத்தில் கரை முழுக்கக் கோலம். ஏற்றம் வந்ததும் அழியும். நாளுக்கு இரண்டு முறை வற்றும், இரண்டு முறை ஏறும், அத்தனை முறையும் அவை சலிக்காமல் உருட்டும். கடல் பக்கம் போனால் ராவணன் மீசை என்கிற முள் புல். அதன் பெண் கதிர் முற்றிக் காய்ந்து, முழு முள் உருண்டையாகப் பிய்த்துக்கொண்டு, காற்றடித்த திசையில் கரையோரமாக ஓடும். ஓடிக்கொண்டே விதை சிந்தும். ஒன்றைத் துரத்திக்கொண்டு வெகுதூரம் போனேன். பிடித்ததும் கையில் குத்தியது.

குடிதண்ணீர் எப்படி என்று பலரும் கேட்டார்கள். மூன்று பக்கம் உப்பு, நடுவில் மணல்மேடு, அதில் கொஞ்ச ஆழத்தில் நல்ல தண்ணீர். மணல் தீவுகளில் இது நடப்பதற்குக் காரணம் எளிது. மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. உப்புத் தண்ணீருக்கு அடர்த்தி சுமார் நாற்பதில் ஒரு பங்கு அதிகம். அதனால் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கணக்குப்படி கீழே நாற்பது அடி வரைக்கும் அது உப்பை அமுக்கிப் பிடித்திருக்கும். இதில் ஒரு ஆபத்தும் உண்டு. மேலே ஒரு அடி குறைந்தால் கீழே நாற்பது அடி போய்விடும். மணல்மேட்டை வெட்டினாலோ, மோட்டார் வைத்து உறிஞ்சினாலோ, பக்கத்தில் உப்புத் தண்ணீரைக் குளமாகக் கட்டி நிறுத்தினாலோ கதை முடிந்தது.

உப்புத் தண்ணீரைக் கட்டி நிறுத்தியது கதைக்காகச் சொல்லவில்லை. 1990களில் கடலோர டெல்டாவில் இறால் பண்ணைகள் வந்தபோது நடந்தது அதுதான். வயலும் கிணறும் உப்பானதை எதிர்த்துப் போராடிய சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை அகற்றச் சொல்லி. தீர்ப்புக்குப் பிறகும் பண்ணைகள் எத்தனை இருக்கின்றன என்பதைச் சீர்காழி தாண்டிக் கிழக்கே பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகவே பார்க்கலாம். தண்ணீருக்குள் காற்றை அடிக்கும் சக்கரங்கள் சுழன்றுகொண்டிருக்கும்.

ஆமை பார்த்தீர்களா என்பது அடுத்த கேள்வி. பார்த்தேன். தையிலிருந்து பங்குனி வரைக்கும் பங்குனி ஆமைகள் இந்தக் கடற்கரை முழுக்க முட்டையிட ஏறும். வனத்துறை காவலுக்கு வைத்திருக்கும் ஆட்கள் நள்ளிரவில் டார்ச்சோடு நடப்பார்கள். தண்ணீரிலிருந்து மேலே போய்த் திரும்பும் தடத்தைக் கண்டால் அதைத் தொடர்ந்து போய், ஆமை மூடிவிட்டுப் போன குழியைக் குச்சியால் மெதுவாகக் குத்திப் பார்த்து, சுமார் நூறு முட்டைகளைத் தோண்டி எடுத்து, வேலி போட்ட பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைப்பார்கள். விட்டுவைத்தால் நாயும் நரியும் விடாது. குஞ்சு வெளியே வர ஒன்றரை இரண்டு மாதம். மணல் சூடாக இருந்தால் பெண், குளிர்ச்சியாக இருந்தால் ஆண். பொரிப்பகத்துக்குக் கூரை நிழல் எவ்வளவு என்பதில்கூட இவ்வளவு விஷயம் இருக்கிறது. அவர்களோடு நடந்தபோது உயிரோடு பார்த்ததைவிடச் செத்து ஒதுங்கியதை அதிகம் பார்த்தேன். மூச்சு வாங்க மேலே வர முடியாமல் இழுவை வலைக்குள் மூழ்கியவை. 2025 தொடக்கத்தில் சென்னைப் பக்கம் நூற்றுக்கணக்கில் ஒதுங்கியபோது செய்தியானது. இங்கே செய்தி ஆகவில்லை.

ஒரு நாள் பெரியப்பா கழி வழியாக வடக்கே கூட்டிக்கொண்டு போனார். பிச்சாவரம் சுரபுன்னைக் காடு இந்தப் பக்கம்தான், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே. 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. சுற்றுலாப் படகுகள் கிள்ளைப் பக்கமிருந்து வரும், நாங்கள் பின்வாசல் வழியாக. சுரபுன்னை வேர் கவிந்த சந்துகள் படத்தில் எல்லோரும் பார்த்ததுதான், அதை விட்டுவிடுகிறேன். தில்லை மரம் ஒன்றைக் காட்டினார், "பால் கண்ணுல பட்டா அவ்வளவுதான்" என்று என் கையைத் தட்டிவிட்டார். சிதம்பரம் கோயிலின் தலமரம். ஊருக்கே தில்லை என்று பெயர் கொடுத்த மரம் ஊரில் இல்லை, இங்கே சேற்றில் நிற்கிறது.

காடு முடிந்து கடலை ஒட்டி நீளமாக ஒரு மணல் திட்டு. எம்.ஜி.ஆர். திட்டு. மீனவக் குடும்பங்கள் இருந்த ஊர். 2004 டிசம்பர் 26 காலையில் போனது. பிழைத்தவர்கள் கரைப்பக்கம் குடிபெயர்ந்துவிட்டார்கள். பெரியப்பாவுக்கு அங்கே சொந்தங்கள் இருந்தார்கள். இன்ஜினை அணைக்காமல், படகை ஒதுக்காமல், அப்படியே ஓட்டிக்கொண்டு போனார். இறங்கிப் பார்க்கலாமா என்று நான் கேட்கவில்லை. நல்ல கடற்கரை. வெள்ளை மணல், ஆள் நடமாட்டம் இல்லை, படம் எடுத்துப் போட்டால் ஆயிரம் பேர் எங்கே இது என்று கேட்பார்கள். பெரியப்பா திரும்பும் வழியில் வேறு ஏதோ பேசினார். நண்டு விலை.

தெற்கே, கொள்ளிடத்தின் கரையில் தீவுக்கோட்டை. பாடப்புத்தகத்தில் தேவிக்கோட்டை என்று இருக்கும். சோழகன் என்கிற சிற்றரசன் இதை வைத்துக்கொண்டு கடல் வழியை ஆண்டான், தஞ்சை ரகுநாத நாயக்கர் அவனை முறியடித்தார். பிறகு 1749இல் ஆங்கிலேயர்கள் மராட்டிய ராஜா பிரதாப சிங்கிடமிருந்து பிடித்தார்கள். சண்டையில் முன்னே ஓடியவர்களில் ஒருவன் ராபர்ட் கிளைவ், அப்போது வெறும் லெப்டினன்ட். அவர்களுக்கு வேண்டியிருந்தது இந்த முகத்துவாரம். கப்பல் நிறுத்தலாம் என்று கணக்குப் போட்டார்கள். பெரியப்பாவைக் கேட்டிருந்தால் போன மாதம் இருந்த வழி இந்த மாதம் இருக்காது என்று சொல்லியிருப்பார்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கொசு, சாயங்காலம் ஆறு முதல் எட்டு வரை மனிதன் வெளியே உட்கார முடியாது. களிம்பெல்லாம் அதற்குத் தொட்டுக்கொள்ளத்தான். வெயில் மணலில் இரட்டிப்பாக ஏறும். போன் சிக்னல் தெருவில் வரும், வீட்டுக்குள் வராது. சாப்பாட்டில் மட்டும் குறை கிடையாது. கழியில் பிடித்த மடவையை ஆய்ந்து, மாங்காய் போட்டு, மண்சட்டியில் வைத்த குழம்பு. ராத்திரிக்கு அதையே சுண்டக் காய்ச்சியது. நான் செலவுக்குக் கொடுத்த பணத்தைப் பெரியம்மா வாங்க மறுத்து, பிறகு பேத்தியின் கையில் கொடுத்தபோது பார்க்காதது மாதிரி இருந்தார்.

அவரிடம்தான் பாலத்தைப் பற்றிப் பேசினேன். சிதம்பரம் பக்கம் பாலம் இருந்தாலும் ஊருக்கு வேண்டியது நேராக ஆற்றைத் தாண்டிச் சீர்காழி பக்கம் ஒரு பாலம். மருமகளுக்கு வலி எடுத்தது மழைக்கால ராத்திரியில். படகா, பஸ் ரோடா என்று வாசலில் நின்று ஆண்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. "நேரா பாலம் வந்துட்டா கூட்டம் வந்துடும் பெரிம்மா, இந்த அமைதி போயிடும்" என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அதைச் சொல்ல நான் யார். கூட்டத்தால் போகும் அமைதியும் அங்கே இல்லை. அவர்கள் ராத்திரி கடலுக்குப் போகும் வரைக்கும் மத்தியானம் தூங்கத்தான் போகிறார்கள், பாலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். எனக்குப் பயம் வேறு. ரிசார்ட் வந்தால் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத்தான் அங்கே பாட்டுப் போடுவார்கள். வலை பின்னும் கூடத்துக்கு அது கேட்கும். அதைப் பெரியம்மாவிடம் சொன்னேன். "போடட்டும். பஞ்சாயத்துல வச்சிக் கேட்டுக்குறோம்" என்றார், நெத்தியைப் புரட்டிக்கொண்டே.

போக நினைப்பவர்களுக்கு: தெரிந்தவர் மூலமாகப் போங்கள். முதலில் பஞ்சாயத்தாரைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை வேண்டாம், மழையும் புயலும் அவர்களுக்கே போதாத காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது எதிர்க்கரையில் பழையாறு துறைமுகமே படுத்துக் கிடக்கும், பார்க்க ஒன்றுமில்லை. மாசியில் போனால் மாசி மகத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் தீர்த்தவாரிக்குக் கிள்ளைக் கடற்கரைக்கு வருவார், வழியில் அங்குள்ள தர்கா சார்பில் மரியாதை நடக்கும். பெருமாளுக்கு மாலை போடுகிறவர்களும் தர்காவில் பாத்தியா ஓதுகிறவர்களும் ஒரே கூட்டத்தில் நிற்பார்கள். ஒருவரும் அதை அதிசயமாகப் பேசிக்கொள்வதும் இல்லை.

கிளம்பும் அன்று தெற்குக் காற்று ஏறிவிட்டது. முகத்துவாரத்தில் அலை உடைவது தெருவிலிருந்தே தெரிந்தது. படகு வேண்டாம் என்று பெரியப்பா தீர்மானமாகச் சொல்லிவிட்டார். பாலம் தாண்டிச் சிதம்பரம் பஸ். பெரியம்மா நெத்திக் கருவாட்டைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி, அதை நியூஸ் பேப்பரில் சுற்றி, அதை இன்னொரு கவரில் போட்டு, பையின் அடியில் கைலிக்கு நடுவே திணித்திருந்தார். மூன்று சுற்றும் வீண். பஸ் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் கண்டக்டர் மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்தார்.

"யாருப்பா கருவாடு? பையத் தூக்கிக் கடைசி சீட்டுல வை."

எழுந்து போய் வைத்தேன். டிக்கெட் எல்லாம் கொடுத்து முடித்துவிட்டு அவரும் கடைசி சீட்டுக்கே வந்து உட்கார்ந்தார். பையை ஒரு முறை பார்த்தார்.

"கொடியம்பாளயமா? கிலோ என்ன வெல சொல்றாங்க இப்ப?"